குட்டி யானையா, தோஸ்தா, பொலேரோவா? மரம் வெட்டும் சிறு தொழிலுக்கு வண்டியும் மிஷினும்

நான்கு பேர் சேர்ந்து மரம் வெட்டும், கிளை கழிக்கும் வேலையை ஒரு தொழிலாக நடத்தலாம் என்று இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது மரம் அறுக்க எந்தச் செயின்சா மிஷின் நல்லது என்பதை. அடுத்தது எந்த வண்டி என்பதை. வெட்டியதை எங்கே கொண்டுபோய்ப் போடப் போகிறோம் என்பதைப் பெரும்பாலும் முதல் வேலை முடிந்து, வீட்டுக்காரர் "இதையெல்லாம் எப்ப எடுப்பீங்க?" என்று கேட்கும்போதுதான் யோசிக்கிறார்கள். என் கருத்தில் வரிசை தலைகீழாக இருக்கவேண்டும். கழிவு எங்கே போகிறது என்பது தெரிந்தால் வண்டி தானாக முடிவாகும். வண்டி முடிவானால் மிஷினுக்கு எவ்வளவு மிச்சம் என்று தெரியும்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது கோவை, சென்னை மாதிரி ஊர்களில் மூன்று நான்கு பேர் கொண்ட குழுவை. காம்பவுண்டுக்குள் சாய்ந்த தென்னை, ஓட்டின்மேல் படரும் வேம்பு, அப்பார்ட்மென்ட் வாசலில் நிற்கும் தூங்குமூஞ்சி, காற்றடித்தால் ரோட்டில் விழும் மயில்கொன்றை, இவைதான் அன்றாட வேலை. தோட்டம் முழுவதையும் வெட்டி மில்லுக்கு அனுப்பும் கான்ட்ராக்ட் வேறு கணக்கு. அதற்கு லாரி வேண்டும்; அதைப் பற்றி இங்கே பேசவில்லை.

எடையும் இடமும்

பச்சை மரம் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 800 முதல் 1,100 கிலோ வரை இருக்கும். 40 செ.மீ. குறுக்களவுள்ள தண்டை ஒரு மீட்டர் நீளத்துக்குத் துண்டு போட்டால் அந்தத் துண்டு மட்டும் 125 கிலோ அளவுக்கு வரும். இரண்டு பேர் முனகிக்கொண்டு தூக்கும் எடை அது. 50 அடி உயரம், ஒரு அடி குறுக்களவு உள்ள தென்னை ஒன்றின் தண்டு ஒரு டன்னை நெருங்கும். "ஒரு தென்னைதானே, குட்டி யானை போதும்" என்று ஒப்புக்கொண்டவர்கள் இரண்டு நடை அடிப்பது இதனால்தான்.

தழையின் கதை நேர் எதிர். வேப்பங்கிளையை அப்படியே அள்ளிப் போட்டால் வண்டி ஆளுயரத்துக்கு நிரம்பியிருக்கும், எடை பார்த்தால் முந்நூறு கிலோ தேறாது. ஆக, ஒரே மரத்திலிருந்து இரண்டு விதமான லோடு வருகிறது: கட்டை எடையால் வண்டியை நிறைக்கிறது, தழை இடத்தால் நிறைக்கிறது. குட்டி யானை என்கிற டாடா ஏஸின் தளம் ஏறக்குறைய 7 அடிக்கு 5 அடி, பக்கப் பலகை ஒரு அடி உயரம். கட்டையை நெருக்கி அடுக்கினால் அந்த ஒரு அடி நிரம்பும்போதே 700 கிலோ வந்துவிடும். வண்டி ஏற்றக்கூடிய அளவே 750 கிலோதான். பலகைக்கு மேல் கட்டையைக் கண்டால் அது ஓவர்லோடு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். அதே வண்டியில் தழையை நாலடி உயரத்துக்கு ஏற்றினாலும் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) வளையாது.

இந்தக் கணக்கிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகிறது. கட்டையை அதே இடத்தில் விற்றுவிட்டால் சின்ன வண்டி போதும். கட்டையையும் நீங்களே சுமப்பதென்றால் பெரிய வண்டி வேண்டும். திருப்பூர்ச் சாயப்பட்டறை பாய்லர், செங்கல் சூளை, கல்யாண மண்டபச் சமையல், மயானம் எல்லாமே விறகு வாங்கும் இடங்கள். விறகு வியாபாரி தன் வண்டியோடு வந்து எடுத்துக்கொள்வதானால் டன்னுக்குக் கொஞ்சம் குறைத்துக் கொடுப்பார், அதனால் பரவாயில்லை. டீசலும் இரண்டு ஆள் கூலியும் மிச்சம். தழையில் வேம்பு, வாகை, பூவரசு, ஆல், அரசு, பலா இவற்றை ஆட்டுக்காரர்கள் தேடி வந்து அள்ளிப்போவார்கள். காலையில் ஒரு போன் போட்டுவிட்டால் மதியத்துக்குள் குவியலில் பாதி காணாமல் போயிருக்கும். தென்னை மட்டை விளக்குமாற்றுக்கும் கீற்றுக்கும் போகும், கிராமத்தை ஒட்டி இருந்தால்.

மிச்சம் இருப்பது சுள்ளியும் யாரும் கேட்காத தழையும். எரித்துவிடலாம் என்று சிலர் காலிமனையில் குவித்துத் தீ வைக்கிறார்கள். திடக்கழிவு மேலாண்மை விதிகள் கழிவைத் திறந்தவெளியில் எரிப்பதையும் புதைப்பதையும் தடை செய்கின்றன. தோட்டக் கழிவைத் தனியாக வைத்து உள்ளாட்சி சொல்கிறபடி அகற்றவேண்டும் என்கின்றன. உங்கள் வார்டில் அதை எங்கே வாங்கிக்கொள்கிறார்கள் என்று சுகாதார ஆய்வாளரிடம் கேட்டு வையுங்கள். அந்த இடம் எத்தனை கிலோமீட்டர் என்பதுதான் வண்டித் தேர்வில் பாதி.

சொந்த வண்டி இல்லாமலே ஆரம்பித்தால்?

இதையும் ஒரு வழியாகக் கணக்கில் எடுக்கவேண்டும். பலர் எடுப்பதில்லை. 5 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 10,900 ரூபாய். 8 லட்சம் என்றால் 17,400. இதோடு இன்சூரன்ஸ், டயர், எஃப்.சி. (தகுதிச் சான்று) சேரும். உங்கள் ஊரில் குட்டி யானை ஒரு நடைக்குக் கேட்கும் வாடகையில் டீசல் செலவைக் கழித்து, மீதியால் இந்தத் தொகையை வகுத்துப் பாருங்கள். பேச்சுக்கு, டீசல் போக 1,200 ரூபாய் என்று வைத்தால், சின்ன வண்டிக்கே மாதம் ஒன்பது நடை தவணைக்கு மட்டும் போகிறது. வாரம் இரண்டு வேலை வருகிற ஆரம்ப நாட்களில் வாடகை வண்டியே லாபம்.

ஆனால் மரக்கழிவுக்கு வாடகை வண்டி எளிதில் அமையாது. வேலை எப்போது முடியும் என்று சொல்லமுடியாது. கிளை ஒன்று கம்பியில் மாட்டினால் இரண்டு மணி நேரம் போய்விடும், வெயிட்டிங் ஏறிக்கொண்டே இருக்கும். முள் மரம், முசுறு மொய்க்கும் மாங்கிளை என்றால் டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இறக்க அவர் கை கொடுக்கமாட்டார். மாதம் பத்துப் பன்னிரண்டு வேலை நிலையாக வரத் தொடங்கியதும் சொந்த வண்டிக்கு மாறலாம். அதுவரை வண்டிக்கு ஒதுக்கிய பணம் கயிறுக்கும் ஹெல்மெட்டுக்கும் போகட்டும்.

மூன்று வகை வண்டிகள்

முதல் வகை ஏஸ் அளவு. 2005-இல் வந்த டாடா ஏஸ்தான் இந்த வகைக்கே நம் ஊரில் குட்டி யானை என்ற பெயரை வாங்கிக்கொடுத்தது. ஏஸ் ப்ரோ 2025 ஜூனில் 3.99 லட்சம் தொடக்க விலையில் வந்தது, அதுவும் 750 கிலோ வண்டிதான். மாருதி சூப்பர் கேரி பெட்ரோலில் 740 கிலோ, சி.என்.ஜி.யில் 625 கிலோ. சி.என்.ஜி. எரிபொருள் செலவைக் குறைக்கும், ஆனால் சிலிண்டர் எடை லோடில் கழிகிறது. கட்டை ஏற்றுகிறவருக்கு அந்த 115 கிலோ ஒரு முழுத் துண்டு.

இந்த வகையின் பலம் சந்து. ஏஸ் திரும்புவதற்கான வட்ட ஆரம் 4.3 மீட்டர், அகலம் ஐந்தடி. மயிலாப்பூர், திருவல்லிக்கேணித் தெருக்களில் இரண்டு பக்கமும் பைக் நிற்கும்போதும் உள்ளே போய், வீட்டு கேட் வரை ரிவர்ஸ் எடுக்கலாம். மரத்திலிருந்து வண்டி வரை சுமக்கும் தூரம் நூறடி குறைந்தால் ஒரு ஆளின் அரை நாள் கூலி மிச்சம். தளம் தாழ்வாக இருப்பதால் ஏற்றுவதும் சுலபம். பலவீனம் எடை, அப்புறம் ஆள். கேபினில் டிரைவரோடு ஒருவர்தான். மற்றவர்கள் பைக்கில் வரவேண்டும். பின்னால் கிளைக் குவியல்மேல் ஆளை உட்காரவைத்துப் போவது தினமும் கண்ணில் படுகிற காட்சிதான், சட்டப்படி தவறு, விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் கைவிரிக்கும்.

இரண்டாவது வகை, ஒன்று முதல் ஒன்றரை டன்: அசோக் லேலண்ட் தோஸ்த், டாடா இன்ட்ரா வி30, வி50. 2011-இல் வந்த தோஸ்த் 1.25 டன், தோஸ்த் பிளஸ் 1.5 டன். இன்ட்ரா வி30 1.3 டன், வி50 1.5 டன். தோஸ்தின் தளம் எட்டடிக்கு மேல் நீளம், ஐந்தே கால் அடி அகலம். விலை ஏஸ் ப்ரோவைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நகரத்தில் வேலை செய்யும் நான்கு பேர் குழுவுக்கு என் ஓட்டு இந்த வகைக்கே. மேலே சொன்ன தென்னையை, மட்டையையும் சேர்த்து, ஒரே நடையில் முடிக்கும் மிகச் சின்ன வண்டி இதுதான். வண்டியும் லோடும் சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருப்பதால் மோட்டார் வாகனச் சட்டம் 66-ஆம் பிரிவின்படி பெர்மிட் எடுக்கவேண்டியதில்லை. வாங்கும் மாடலின் ஆர்.சி.யில் மொத்த எடை என்ன என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது பொலேரோ பிக்அப். 1.3 டன்னிலிருந்து 1.7 டன் வரை பல வகை. பெரியதில் தளம் ஒன்பதடி. மண் ரோடு, தோட்டம், மேடு பள்ளம் என்றால் இதன் 2.5 லிட்டர் இன்ஜினும் உயரமான சேஸும் தோஸ்தைவிட நிம்மதி. பொள்ளாச்சி, மேட்டுப்பாளையம், கூடலூர்ப் பக்கம் வேலை என்றால் யோசிக்காமல் இதை எடுக்கலாம். 1.7 டன் வகையின் மொத்த எடை 3 டன்னைத் தாண்டிவிடும், பெர்மிட் செலவு சேரும். ஊருக்குள் திருப்புவது சிரமம், தளம் உயரம், ஒவ்வொரு துண்டையும் அரையடி கூடத் தூக்கவேண்டும். கேட்கச் சின்ன விஷயம். சாயங்காலம் நாற்பதாவது துண்டு தூக்கும்போது தெரியும்.

இதிலேயே பொலேரோ கேம்பர் என்ற இரட்டை கேபின் வண்டி பலர் கண்ணில் படாமல் போகிறது. ஐந்து பேர் முறையாக உட்காரலாம், பின்னால் ஒரு டன். ஃபோர் வீல் டிரைவும் கிடைக்கும். தளம் சின்னது, தழைக்கு இடம் போதாது. கழிவை எடுக்கவேண்டாம், வெட்டிக் கொடுத்தால் போதும் என்கிற தோட்டக்காரர்களும் எஸ்டேட்காரர்களும்தான் உங்கள் வாடிக்கையாளர்கள் என்றால், ஆளையும் மிஷினையும் சுமக்க இதைவிடப் பொருத்தமான வண்டி இல்லை.

மின்சார ஏஸ் பற்றியும் கேட்பார்கள். 2022-இல் வந்த ஏஸ் இ.வி.யின் முதல் வடிவம் 600 கிலோ, பிறகு ஒரு டன் வகையும் வந்தது. காலையில் பத்துக் கிலோமீட்டர் போய் நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்கும் தொழிலுக்கு ரேஞ்ச் ஒரு பிரச்சினையே இல்லை. விலைதான் இடிக்கிறது. அதிகம் ஓடுகிறவருக்குத்தான் மின்சார வண்டி போட்ட பணத்தைச் சீக்கிரம் திருப்பித் தரும். நம் வண்டி ஓடுவதைவிட நிற்பதே அதிகம்.

டிராக்டர் டிரெய்லரைச் சொல்லாமல் விடக்கூடாது. ஊர்ப்புறத்தில் ஏற்கெனவே டிராக்டர் வைத்திருப்பவர் புதிய வண்டி எதுவும் வாங்கவேண்டாம். ஹைட்ராலிக் டிரெய்லர் தானாகக் கொட்டும், பி.டி.ஓ.வில் (டிராக்டர் இன்ஜினிலிருந்து மிஷினுக்குச் சக்தி தரும் தண்டு) மட்டை தூளாக்கும் மிஷினும் ஓட்டலாம். ஊருக்குள் வந்தால்தான் தலைவலி.

பாடி, தார்ப்பாய், போலீஸ்

எந்த வண்டி எடுத்தாலும் தழைக்குப் பக்கப் பலகை உயரவேண்டும். பட்டறையில் இரும்பு ஆங்கிளும் வலையும் வைத்து, கழற்றி மாட்டுகிற மாதிரி நாலடித் தடுப்புக் கட்டச் சொல்லுங்கள். நிரந்தரமாக வெல்டிங் வைத்துப் பாடியை மாற்றினால் ஆர்.சி.யில் இருப்பதும் வண்டியும் வேறாகிவிடும். அதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி ஆர்.டி.ஓ. அனுமதி தேவை, இல்லாவிட்டால் எஃப்.சி.யில் மாட்டுவீர்கள். கழற்றுவது வேறொரு காரணத்துக்கும் நல்லது: கட்டை ஏற்றும் நாளில் அந்தத் தடுப்பின் எடையைச் சுமக்கவேண்டியதில்லை.

2019 திருத்தத்துக்குப் பிறகு அந்தச் சட்டத்தின் 194-ஆம் பிரிவின்படி ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் இன்னும் 2,000. நம் தொழிலுக்கு இதைவிட முக்கியமானது அதே பிரிவின் உட்பிரிவு ஒன்று. பக்கவாட்டிலோ முன்னும் பின்னுமோ அளவுக்கு மீறி நீட்டிக்கொண்டு போகும் சுமைக்கும் 20,000. பின்னால் ஐந்தடி ஆடிக்கொண்டு போகும் தென்னை மட்டை அந்தக் கணக்கில்தான் வரும். ஏற்றும்முன் இன்னொரு முறை வெட்டிச் சுருக்கினால் ஒரே நடையில் எடுக்கலாம், தார்ப்பாயும் ஒழுங்காக மூடும்.

டிப்பர் வேண்டுமா? மாநகராட்சிக் குப்பை வண்டிகளில் இருப்பதுபோல் ஏஸிலும் தோஸ்திலும் ஹைட்ராலிக் பாடி கிடைக்கிறது. இறக்கும் வேலை ஐந்து நிமிடம். ஆனால் அந்த அமைப்பின் எடை லோடில் கழியும்; ஏஸில் அது வலிக்கும், தோஸ்தில் தாங்கும். டிப்பர் இல்லாதவர்களுக்கு ஒரு பழைய வழி உண்டு. தழை ஏற்றும்முன் தளத்தில் கனமான தார்ப்பாய் ஒன்றைக் குறுக்காக இரண்டு கயிற்றோடு விரித்துவிடுங்கள். கொட்டும் இடத்தில் கயிற்றை ஒரு மரத்தில் கட்டி, வண்டியை மெல்ல முன்னால் நகர்த்தினால் குவியல் மொத்தமும் பின்னால் வழுக்கி விழும். கட்டைக்கு இது ஆகாது.

உரிமம் பற்றிய சந்தேகம் இன்னும் சிலருக்கு இருக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6 அன்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. சாதாரண எல்.எம்.வி. (இலகு ரக வாகன) உரிமம் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தைத் தனி அனுமதிக் குறிப்பு இல்லாமல் ஓட்டலாம். மேலே சொன்ன எல்லா வண்டியும் இதற்குள் அடக்கம்.

மிஷின்: இரண்டு போதும், ஆனால் எந்த இரண்டு?

ஒரே பெரிய மிஷின் வாங்கி எல்லா வேலைக்கும் பயன்படுத்துவது இந்தத் தொழிலில் பரவலான பழக்கம். ஆபத்தான பழக்கம். மேலே ஏறுகிறவர் கையில் 6 கிலோ மிஷின் இருக்கக்கூடாது.

ஸ்டில் நிறுவனத்தின் வரிசையை அளவுகோலாக வைத்துப் பேசலாம், சர்வீஸ் நம் ஊரில் பரவலாகக் கிடைக்கிறது என்பதால். எம்.எஸ். 180 என்பது 31.8 சி.சி., நான்கு கிலோ அளவு. கிளைகளுக்கும் ஒரு அடிக்குட்பட்ட தண்டுக்கும் போதும். எம்.எஸ். 250 என்பது 45.4 சி.சி., 4.6 கிலோ, கீழே துண்டு போடுவதற்கு நடுத்தரமான மிஷின். எம்.எஸ். 382 என்பது 72.2 சி.சி., 6 கிலோவுக்கு மேல்; இரண்டடித் தூங்குமூஞ்சித் தண்டுக்கு இது வேண்டும், ஆனால் மாதம் ஒரு முறை வரும் வேலைக்கு அதை வாங்கிப் போடுவது வீண். புதிதாக ஆரம்பிப்பவர் 180-உம் 250-உம் வாங்கி, பெரிய தண்டு வரும்போது பெரிய மிஷினோடு ஒருவரை நாள் கூலிக்கு அழைத்துக்கொள்ளலாம். ஹஸ்க்வர்னாவிலும் இதே மூன்று அளவுகள் உண்டு. உங்கள் ஊரில் எந்தக் கடையில் ஸ்பேர் அன்றே கிடைக்கிறதோ அந்தக் கம்பெனி.

52, 58 சி.சி. என்று மலிவாக விற்கும் சைனா மிஷின்களை ஒரேயடியாகத் தள்ளமாட்டேன். தரையில் விறகு துண்டு போட, பாகம் எங்கும் கிடைக்கிற மிஷின் அது. ஆனால் வாங்கும்போதே செயின் பிரேக் சட்டென்று பிடிக்கிறதா என்று பாருங்கள். அதை மரத்தின்மேல் கொண்டுபோகவே கூடாது.

மேலே பயன்படுத்த, பிடி மேல்புறம் உள்ள சின்ன மிஷின்கள் தனியாக வருகின்றன, எம்.எஸ். 194 டி அந்த வகை. ஒரு கையால் பிடித்து வெட்டத் தூண்டும் வடிவம் அது, விபத்தும் அங்கேதான் நடக்கிறது. பழகாதவருக்குக் கொடுக்காதீர்கள். ஆறு அங்குலத்துக்குள் இருக்கும் கிளைக்கு நல்ல கை ரம்பம் ஒன்று இடுப்பு உறையில் இருந்தால் பாதி நேரம் மிஷினே தேவைப்படாது. தொரட்டிக்குப் பதில் நீளக் கம்பில் மாட்டிய ரம்பமும் ஒன்று வேண்டும். அலுமினியக் கம்பு மட்டும் வேண்டாம். கரண்ட் கம்பி இல்லாத தெரு நம் ஊரில் ஏது?

பேட்டரி மிஷின் இப்போது நம்பும் அளவுக்கு வந்துவிட்டது. அப்பார்ட்மென்ட் வேலைக்கு அதன் அமைதியே பெரிய தகுதி. மேலே இருப்பவர் ஒவ்வொரு முறையும் கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யவேண்டியதும் இல்லை. மேலே பேட்டரி, கீழே பெட்ரோல் என்பது நல்ல கூட்டு. மாற்று பேட்டரிகளின் விலையையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுங்கள், மிஷின் விலையில் ஏமாந்துவிடாதீர்கள்.

பெட்ரோலில் ஒரு புதுச் சிக்கல். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது. கையால் கார்புரேட்டர் சரிசெய்யும் மிஷின்களுக்கு 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது ஸ்டில் கையேடு. எத்தனால் ஈரத்தை இழுக்கும், ரப்பர் பாகங்களைக் கெடுக்கும். எண்ணெய் கலந்த பெட்ரோலைக் கேனில் மாதக்கணக்கில் வைக்காதீர்கள், வேலை இல்லாத நாட்களில் டேங்கைக் காலி செய்து ஓடவிட்டு நிறுத்துங்கள். பெட்ரோலுக்கும் எண்ணெய்க்கும் கலவை விகிதம் கம்பெனி எண்ணெயில் 50:1, மற்ற டூ-ஸ்ட்ரோக் எண்ணெயில் 25:1. எத்தனால் கலக்காத பெட்ரோல் உங்கள் ஊரில் கிடைத்தால் கூடுதல் விலை கொடுத்தாவது வாங்கலாம்.

சாணைக்கு வருவோம். சீமைக்கருவேலம், புளி, முற்றிய வேம்பு, இந்த மூன்றும் செயினை மழுக்கும். அதைவிட மோசம் சாலையோர மரத்தில் விளம்பரப் பலகைக்காக அடித்த ஆணி; பட்டை மூடி வெளியே தெரியாது. செயினுக்குச் சரியான அரம் வாங்குங்கள்: 180-இல் வரும் சின்னச் செயினுக்கு 4 மி.மீ., 0.325 அங்குலச் செயினுக்கு 4.8 மி.மீ. கூடுதலாக இரண்டு செயின் எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.

கயிறு

கட்டுகிற கயிற்றை நம் ஆட்கள் ஹார்டுவேர் கடையில் கிலோ கணக்கில் வாங்குகிறார்கள். மஞ்சள், நீல நிறத்தில் வரும் பிளாஸ்டிக் கயிறு பாலிப்ரொப்பிலின். 160 முதல் 170 டிகிரியில் உருகிவிடும். கிளையைச் சுற்றி ஓடும் கயிற்றில் உராய்வுச் சூடு வேகமாக ஏறும். வெயிலிலும் அது நைந்துபோகும், வெளியே பார்த்தால் நன்றாகவே இருக்கும். 100 கிலோ துண்டு ஒரு மீட்டர் விழுந்து கயிற்றில் தொங்கும்போது கயிறு உணர்வது 100 கிலோ அல்ல, அதைப்போல் பல மடங்கு. ஆகவே இறக்குவதற்கு பாலியெஸ்டர் அல்லது நைலான் கயிறு, தாங்கும் திறன் எழுதியிருப்பது, தூக்கப்போகும் எடையைப்போல் பத்து மடங்கு உடைதிறன் உள்ளது வாங்குங்கள். ஆள் தொங்கும் கயிறும் கட்டை இறக்கும் கயிறும் ஒருநாளும் மாறக்கூடாது. நிறத்தைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதோடு ஒரு நல்ல கப்பி, அடிமரத்தில் கயிற்றைச் சுற்றி மெல்ல விடுவதற்கான இரும்புத் தூண், இடுப்பு பெல்ட், கண்ணாடியும் காதுமூடியும் உள்ள ஹெல்மெட். பெட்ரோல் மிஷினின் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். காது கேட்காமல் போவது மெல்ல மெல்ல நடக்கும், யாரும் கவனிப்பதில்லை. செயின் பட்டால் உள்ளிருக்கும் இழைகள் வெளியே வந்து பல்சக்கரத்தில் சிக்கி மிஷினை நிறுத்திவிடும் கால்சட்டை விற்கிறது. நம் வெயிலுக்குப் போடமுடியாது என்பார்கள். மேலே ஏறுகிறவர் வேண்டாம் என்றாலும் கீழே மிஷின் பிடிப்பவராவது போடட்டும், தொடையில் வெட்டு விழுவது அவருக்குத்தான்.

சாய்ந்த மரத்தை வேண்டிய பக்கம் இழுக்க வண்டியைக் கட்டி இழுப்பது வேண்டாம். ஏஸுக்குப் பின்சக்கரத்தில் பிடிப்பே இருக்காது, மரம் சற்றுத் திரும்பினால் வண்டியையும் இழுத்துக்கொண்டு போகும். 1.6 டன் டிர்ஃபர் (இரும்புக் கயிற்றைக் கையால் இழுக்கும் கருவி) ஒன்று வாங்கினால் ஒருவர் கையாலேயே அங்குலம் அங்குலமாக இழுக்கலாம், நிறுத்தினால் நிற்கும். பழையது கட்டட சைட்டுகளில் விலைக்கு வருவதுண்டு.

வாங்கவேண்டாதவை

கிரேன், ஜே.சி.பி., ஆளைத் தூக்கும் பூம் லிஃப்ட், இவை மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கின்றன. வாங்க யோசிக்கவே வேண்டாம். ஆனால் வீட்டுக்காரரிடம் விலை சொல்லும்போதே ஹைட்ரா (கிரேன்) வாடகையைத் தனியாக எழுதிக் கொடுங்கள். உளுத்த மரத்தில் ஆள் ஏறுவதைவிட இரண்டு மணி நேர ஹைட்ரா மலிவு.

கிளையைத் தூளாக்கும் சிப்பர் மிஷின் பற்றி இரண்டு கருத்து உண்டு. தழையையும் சுள்ளியையும் தூளாக்கினால் இடம் பல மடங்கு சுருங்கும், மூன்று நடை ஒரு நடையாகும், உண்மைதான். ஆனால் பச்சைத் தூள் ஒரு கன மீட்டர் 300 கிலோவுக்கு மேல் வரும். நாலடித் தடுப்போடு ஏஸை நிரப்பினால் 1,200 கிலோ, வண்டி தாங்காது. அப்புறம் சிப்பரை எப்படிக் கொண்டுபோவது? வெளிநாட்டில்போல் பின்னால் இழுத்துப்போக ஏஸ் ஆகாது. தளத்தில் ஏற்றினால் சில நூறு கிலோ அங்கேயே போயிற்று. பத்துக் குதிரைத்திறன் மிஷினில் மூன்று நான்கு அங்குலத்துக்கு மேல் கிளை நுழையாது. தென்னை மட்டையின் நார் சுழலியில் சுற்றிக்கொண்டு உயிரை வாங்கும், அதற்கென்றே செய்த மட்டை தூளாக்கும் மிஷின் வேறு. தென்னந்தோப்புகளோ பெரிய வளாகங்களோ மாதாந்திர ஒப்பந்தம் தந்து, தூளை அங்கேயே மூடாக்காகப் போட்டுக்கொள்கிறோம் என்றால் சிப்பர் லாபம். மற்றவர்களுக்கு ஆட்டுக்காரர் போதும்.

வேலைக்கு முன் கேட்கவேண்டியவை

அரசு நிலத்து மரம், சாலையோர மரம் என்றால் யார் என்ன சொன்னாலும் அனுமதிக் கடிதத்தைப் பார்க்காமல் கை வைக்காதீர்கள். மலைப்பகுதிகளில் 1955-ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டம் தனியார் நிலத்துக்கும் பொருந்தும். சந்தனம், ஈட்டி, தேக்கு என்றால் வனத்துறையைக் கேட்காமல் வண்டியில் ஏற்றவேண்டாம், வண்டியே பறிபோகும். கம்பி பக்கத்தில் இருந்தால் லைன் ஆஃப் செய்யச் சொல்லி மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். அவசரம் என்றால் மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987.

ஆட்களுக்கு அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியப் பதிவு செய்துவைப்பதில் செலவில்லை. தென்னை ஏறுகிறவர்களுக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் கேரா சுரக்ஷா காப்பீடு இருக்கிறது. வண்டி இன்சூரன்ஸ் மரத்திலிருந்து விழுந்தவருக்குப் பணம் தராது, அதற்குத் தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி தனியாக எடுக்கவேண்டும்.

பழைய வண்டி வாங்குவதானால்

கையில் நான்கு லட்சம் இருக்கிறது என்றால் புது ஏஸ் ப்ரோவைவிட ஐந்தாறு வருடம் ஓடிய நல்ல தோஸ்த் இந்தத் தொழிலுக்குப் பொருத்தம். நம் வண்டி ஓடும் கிலோமீட்டர் குறைவு, சுமக்கும் எடை அதிகம். இன்ஜினைவிட சேஸும் பட்டையும்தான் முக்கியம். மீன் ஏற்றிய வண்டியா என்று தளத்துக்கு அடியில் குனிந்து பாருங்கள், உப்புத் தண்ணீர் சேஸின் குறுக்குச் சட்டத்தை (கிராஸ் மெம்பர்) தின்றிருக்கும். எம்-சாண்ட் ஏற்றிய வண்டியில் பின்பட்டை நிமிர்ந்து தட்டையாகியிருக்கும். காய்கறி, பால், தண்ணீர் கேன் ஏற்றிய வண்டி கிடைத்தால் விடாதீர்கள். முதல் எட்டு வருடம் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை எஃப்.சி., அதன்பிறகு வருடா வருடம். ஏழரை வருட வண்டியை விற்பவர் ஏன் அவசரப்படுகிறார் என்பதும் அதில் தெரிந்துவிடும்.